எக்ஸ்டர்னல் மேடத்துக்கு இட்லி

என் மகளுக்குக் கிடைக்க வேண்டிய கல்லூரி இடம் ஒரு ஈடு இட்லியில் போயிற்று. இதைச் சொன்னால் ஆபீஸில் எல்லாரும் சிரிக்கிறார்கள். என் மனைவி மட்டும் சிரிப்பதில்லை. அவள் அந்த இட்லியைச் சாப்பிட்டுப் பார்த்தவள்.

இட்லிக்கு வருவதற்கு முன், என் மகள் இரண்டு வருடம் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருந்த அதிசயத்தைச் சொல்லிவிட வேண்டும். டெல்லியில் பதினொன்றாம் வகுப்பில் சயின்ஸ் எடுத்த பிள்ளைகள் பலருக்கு இந்த வரம் உண்டு. காலையில் பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் அவள் பிரசன்ட். அதே நேரம் மெட்ரோவில் அரை மணி தள்ளி, ஒரு கோச்சிங் சென்டரின் மூன்றாவது பெஞ்சில் நுழைவுத் தேர்வுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். இது பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். கோச்சிங் சென்டருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். யாரும் இதைப் பொய் என்று சொல்ல மாட்டோம். அட்ஜஸ்ட்மென்ட் என்போம். சித்தர்கள் மலையேறித் தவம் கிடந்து வாங்கிய சித்தியை நாங்கள் அட்மிஷன் கவுன்ட்டரில் வாங்கிக்கொண்டோம்.

இதில் ஒரே ஒரு சிக்கல். நுழைவுத் தேர்வில் எவ்வளவு நல்ல ரேங்க் எடுத்தாலும், பெரிய அரசுப் பொறியியல் கல்லூரியில் உள்ளே விட, பன்னிரண்டாம் வகுப்பில் எழுபத்தைந்து சதவீதம் கேட்கிறார்கள். ஐந்நூறுக்கு முந்நூற்று எழுபத்தைந்து. என் மகள் கோச்சிங் பரீட்சைகளில் புலி. பள்ளிக்கூடப் பரீட்சையில், மாதிரித் தேர்வு என்று ஜனவரியில் வைத்தார்களே, அதில் எழுபத்தொன்று. பள்ளிக்கூடத்துக்கே போகாதவளுக்கு எழுபத்தொன்று வந்ததே பெரிய விஷயம் என்று நான் பெருமைப்பட்டேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பெருமையை மடித்து வைத்துவிட்டேன்.

எங்கள் நம்பிக்கை ப்ராக்டிகல் மார்க். கெமிஸ்ட்ரிக்கு முப்பது. வேறு பள்ளியிலிருந்து ஒரு எக்ஸ்டர்னல் வருவார், பிள்ளைகள் ஏதோ கலக்குவார்கள், அவர் இரண்டு கேள்வி கேட்பார், முப்பதுக்கு இருபத்தொன்பது போட்டுவிட்டுப் போவார். உலகம் இப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள்.

"அதெல்லாம் சரி, உனக்கு லேப்ல என்னென்ன செய்யணும்னு தெரியுமா?" என்று மகளிடம் கேட்டேன்.

"அப்பா, அத விடுங்க. லேப் எந்த ஃப்ளோர்?"

"என்னைக் கேட்டா?"

"பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு நீங்கதானே போவீங்க. ஸ்கூல் உங்களுக்குத்தான் நல்லா தெரியும்."

அந்த வாரம்தான் கெமிஸ்ட்ரி சாரிடமிருந்து போன் வந்தது. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், ஆனால் பேச்சில் ஒரு கல்யாண வீட்டுப் பெரியவரின் பொறுப்பு இருக்கும்.

"சார்ஜி, ஆப் மதராசி ஹைன் நா?"

நான் மதுரைக்காரன். இருபத்தைந்து வருட டெல்லி வாசத்தில் இந்தக் கேள்வியைத் திருத்துவதை விட்டுவிட்டேன். "ஹான் ஜி" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். இந்த வருடம் வரப்போகிற எக்ஸ்டர்னல் மேடம் ஒரு மதராசி. மிகவும் ஸ்ட்ரிக்ட். போன பள்ளிக்கூடத்தில் பதினெட்டு, பத்தொன்பது என்று போட்டுத் தள்ளியிருக்கிறார். ஏன் என்று இவர் விசாரித்திருக்கிறார். காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது: அங்கே அவருக்குச் சமோசா கொடுத்தார்களாம்.

"மதராசி மேடத்துக்குப் போய் சமோசாவா, நீங்களே சொல்லுங்க சார்ஜி" என்றார் இந்தியில், ஏதோ கோயிலுக்குள் செருப்போடு போன கதையைச் சொல்வது மாதிரி. "நம்ம பள்ளியில் அந்தத் தப்பு நடக்கக் கூடாது. இட்லி. சாம்பார். கர் கா."

வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். வகுப்பில் ஒரே தமிழ் வீடு எங்களுடையது. முப்பத்தெட்டு பிள்ளைகளின் எதிர்காலம் என் அடுப்பில் ஏற்றப்பட்டது.

பெற்றோர்களின் வாட்ஸாப் குரூப்பில் அன்றைக்கே விவாதம். ஒரு பஞ்சாபி ஆன்ட்டிஜி, அவர் செய்யும் சோலே பட்டூரேவுக்கு அந்த வட்டாரத்தில் பெரிய பெயர், "நான் கொண்டு வருகிறேன், எந்த எக்ஸ்டர்னலும் இதுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை" என்று போட்டார். உடனே பத்துப் பேர், "ஆன்ட்டிஜி, மேடம் சவுத் இண்டியன்" என்று போட்டார்கள். ஆன்ட்டிஜி ஒரு கைகூப்பிய படம் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அந்தக் கைகூப்பலில் வணக்கம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் உடனே, "கவலை வேண்டாம், எங்கள் வீட்டு இட்லி பூ மாதிரி இருக்கும்" என்று போட்டேன். முப்பது கட்டைவிரல்கள் எழுந்தன. என் வாழ்நாளில் எதற்கும் அத்தனை கட்டைவிரல் விழுந்ததில்லை.

என் மனைவி ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். விஷயத்தைச் சொன்னதும் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"யாரு இட்லி அவிக்கப் போறது?"

"நம்ம வீட்ல..."

"நம்ம வீட்ல யாரு?"

"நீதானம்மா நல்லா அவிப்ப."

"இங்க பாருங்க. பிள்ளைக்குப் பசிக்குதுன்னா ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட அவிச்சுத் தருவேன். மார்க்குக்கெல்லாம் மாவாட்ட மாட்டேன். நாளைக்கு எங்க வார்டுக்கு இப்படி இட்லி குடுத்துப் பாஸான டாக்டர் ஒருத்தன் வந்து நிப்பான், அவனுக்கு ஊசி எந்தப் பக்கம் கூருன்னு நாந்தான் சொல்லணும். எனக்கு மார்னிங் டியூட்டி. நீங்களாச்சு, உங்க குரூப்பாச்சு."

அரிசியும் உளுந்தும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கினேன். கடைக்காரரிடம் "நல்ல உளுந்தா பார்த்துக் குடுங்க, முக்கியமான காரியம்" என்றேன். "விசேஷமா சார்?" என்றார். "பரீட்சை" என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கறிவேப்பிலையைச் சும்மாவே கொடுத்தார்.

அரைத்தாகிவிட்டது. ஆனால் டெல்லி ஜனவரியில் மாவு புளிக்காது. அதற்கும் குளிரும். இங்கே இருக்கிற தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: கம்பளியில் சுற்று, கீஸருக்குக் கீழே வை, ரூம் ஹீட்டரின் முன்னால் உட்கார வை. நான் பயத்தில் எல்லா வைத்தியத்தையும் ஒன்றாகச் செய்தேன். மகளின் ரஜாய்ப் போர்வையை உருவி மாவுப் பானைக்குப் போர்த்தினேன். தலையில் என் குரங்குக் குல்லாவைப் போட்டேன். ஹீட்டரை அதன் பக்கம் திருப்பி வைத்தேன்.

மகள் கோச்சிங்கிலிருந்து வந்து பார்த்தாள்.

"யார் இது?"

"மாவு."

"என் ரஜாய்?"

"உன் நல்லதுக்குத்தாம்மா."

"அப்பா, எனக்கு ஜுரம் வந்தா எக்ஸாம் யார் எழுதுவா? மாவா?"

நான் அவளுக்கு என் சால்வையைக் கொடுத்தேன். மாவுக்குக் கொடுத்தது போக மிச்சம் அதுதான் இருந்தது.

அவ்வளவு உபசாரம் செய்தும் மாவு பொங்கவில்லை. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் ஜில்லென்றும், மனசில்லாமல் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. காலையில் வேறு வழியில்லாமல் ஊற்றினேன். மூடியைத் திறந்தால் தட்டில் ஊற்றிய உயரத்திலேயே, ஒரு மில்லிமீட்டர் கூடப் பதவி உயர்வு இல்லாமல், இட்லிகள் என்னைப் பார்த்தன. அரசு உத்தியோகஸ்தன் வீட்டு இட்லி. டியூட்டிக்குக் கிளம்பிய என் மனைவி ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள். கொஞ்ச நேரம் மென்றாள். மீதியை டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"எதுக்கும்மா அது?"

"எங்க எலும்பு டாக்டர்கிட்ட காட்டலாம்னு."

கடையில் வாங்கிவிடலாமா என்று நினைத்தேன். அந்த நேரத்துக்கு ஒரு கடையும் திறந்திருக்காது. அதோடு பூ மாதிரி என்று எழுதிக் கொடுத்தாயிற்று. சாம்பார் மட்டும் பரவாயில்லாமல் வந்திருந்தது. இட்லியை அதில் மூழ்கடித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஹாட்கேஸை மூடினேன். மகள் காதுபடவே ஆபீஸுக்குப் போன் செய்து வயிற்று வலி என்று லீவு சொன்னேன். கோல் மார்க்கெட் பக்கத்து எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து பனிமூட்டத்துக்குள் ஆட்டோ பிடித்து, மடியில் சாம்பாரோடு பள்ளிக்கூடம் போனேன். மகள் முன்னாலேயே போயிருந்தாள், லேப் எந்த மாடி என்று தேடுவதற்கு.

கேட்டுக்குப் பக்கத்தில் பஞ்சாபி ஆன்ட்டிஜி ஒரு பெரிய அடுக்குப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "இது ஸ்டாஃபுக்கு, காவல்காரர்களுக்கு. நமக்கு மேடம் எதுக்கு?" என்றார், நான் கேட்காமலேயே. பாத்திரத்தின் இடுக்கு வழியே சோலேயின் மணம் வந்தது. வயிற்று வலிக்காரனுக்கே எச்சில் ஊறியது.

கெமிஸ்ட்ரி சார் ஓடி வந்தார். பரீட்சை நாளில் பெற்றோர் யாரும் லேப் பக்கம் வரக் கூடாது என்று விதி. அதனால் நான் பெற்றோர் இல்லை என்று ஆக்க வேண்டியிருந்தது. ஆணியில் தொங்கிய ஒரு பழைய வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிவிட்டார். முன்பக்கம் முழுக்க ஏதோ ரசாயனம் பட்டுப் பழுப்புப் புள்ளிகள். பார்க்க அசல் குழம்பு தெறித்தது போலவே இருந்தது. தலைக்கு ஒரு காகிதக் குல்லா.

"சார்ஜி, இன்னிக்கு மட்டும் நீங்க நம்ம கேன்டீன் ஆள். மேடத்தோட உங்க பாஷையில் கொஞ்சம் பேசுங்க. சொந்த ஊர் ஞாபகம் வரணும்."

மத்திய அரசில் செக்ஷன் ஆபீஸர் நான். எனக்குக் கீழே நாலு பேர். அவர்களில் ஒருவர்கூட என் பேச்சைக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். அன்றைக்கு அந்தக் குல்லாவைப் போட்டுக்கொண்டதும் என்னவோ இதற்கென்றே பிறந்தவன் போல எனக்கு முதுகு தானாக வளைந்தது.

லேபுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. மேடம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவைச் சங்கிலி, காட்டன் புடவைக்கு மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே கோட். நான் தட்டை வைத்து, "சாப்பிடுங்க மேடம்" என்றேன்.

தமிழ்க் குரல் கேட்டு நிமிர்ந்தார். "தமிழா அண்ணாச்சி? எந்த ஊரு?"

"மதுரை மேடம். நீங்க?"

"பாளையங்கோட்டை." திட்டம் வேலை செய்கிறது என்று கதவிடுக்கில் நின்ற கெமிஸ்ட்ரி சார் கட்டைவிரலைக் காட்டினார்.

மேடம் ஸ்பூனை இட்லியில் வைத்து அழுத்தினார். இட்லி இடம் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். இட்லி சாம்பாரில் வழுக்கித் தட்டின் அந்தக் கரைக்குப் போய் நின்றது. அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். எனக்கு வயிறு உண்மையாகவே வலிக்க ஆரம்பித்தது.

"கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி" என்றார். "ஒங்க கைப்பக்குவத்தச் சொல்லல. இந்தப் ப்ராக்டிகல் சீஸன் வந்தாலே எனக்கு இட்லி கண்டம். எந்த ஸ்கூலுக்குப் போனாலும் என் மூஞ்சியப் பாத்த ஒடனே இட்லி. ஒரு ஸ்கூல்லயாவது மனுஷிக்கு வேற ஏதாவது பிடிக்குமான்னு கேக்கானுவளா? போன ஸ்கூல்லதான் புண்ணியவான்க சமோசா குடுத்தாங்க. நாலு சாப்ட்டேன்."

"நாலா?"

"ஆமா. நல்லாருந்துச்சு."

"ஆனா அங்க மார்க்..." என்று வாய் தவறிவிட்டது.

"மார்க்குக்கும் சமோசாவுக்கும் என்ன அண்ணாச்சி? சாப்பாடு எம் பசிக்கு. மார்க்கு அதுக செஞ்ச வேலைக்கு." மூக்கை உயர்த்தினார். "ஆமா, எங்கயோ சோலே மணக்கே?"

நான் கேட்டுக்கு ஓடினேன். வெள்ளைக் கோட்டும் காகிதக் குல்லாவுமாக என்னைப் பார்த்த ஆன்ட்டிஜி சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

"மேடம் சோலே கேக்கறாங்க ஆன்ட்டிஜி."

"அப் யாத் ஆயி?" என்றார். இப்போதுதான் ஞாபகம் வந்ததா என்று. பாத்திரத்தை மடியில் இறுக்கிக்கொண்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் குரூப்பில் போட்ட அதே கும்பிடு. கொஞ்ச நேரம் என்னைக் கும்பிட விட்டுப் பார்த்துவிட்டு அடுக்கைத் திறந்தார். "சூடா இருக்கும்போதே கொடு. வெங்காயத்தை மறந்துடாதே" என்றார். கேன்டீன் ஆளிடம் பேசுவது போலவே பேசினார்.

மேடம் இரண்டு பட்டூரே சாப்பிட்டார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். நான் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றுகிற சாக்கில் மூலையில் நின்றேன்.

அன்றைய பரிசோதனை எளிமையானதாம். ஒரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக இன்னொன்றில் விட வேண்டும். லேசான ரோஸ் நிறம் தட்டியதும் நிறுத்திவிட வேண்டும். ஆளுக்கொரு குடுவையைக் கொண்டுவந்து காட்டினார்கள். வந்ததெல்லாம் கத்தரிக்காய் நிறம். ஒருவனுடையது பீட்ரூட். ஆனால் கணக்கெல்லாம் கச்சிதமாகச் சரியாக இருந்தது, எல்லாருக்கும் ஒரே விடை. குடுவையையும் விடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேடம் பட்டூரேயைக் கடித்தார்.

என் மகளின் முறை வந்தது. உள்ளே வந்தவள் என்னைப் பார்த்தாள். குல்லாவைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மேடம் பக்கம் திரும்பினாள். அவள் குடுவை கத்தரிக்காய்தான், ஆனால் நல்ல பிஞ்சுக் கத்தரிக்காய்.

மேடம் ஏதோ கேட்டார். அவள் விழித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. இருமினேன். நான் பி.காம். எந்த விடைக்காக இருமினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. இருமிய வேகத்தில் காபி என் கையில் கொட்டியது.

"அப்பா! கை!" என்று கத்திவிட்டாள்.

மேடம் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கோட்டின் புள்ளிகளைப் பார்த்தார்.

"ஒங்க மவளா அண்ணாச்சி?"

நான் தலையாட்டினேன்.

"இங்க சமையல் வேல பாத்துக்கிட்டு பிள்ளையையும் இதே ஸ்கூல்ல படிக்க வைக்கியளா?"

இதற்கு நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. குல்லாவைச் சரிசெய்துகொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். மேடத்தின் கண் நிறைந்துவிட்டது.

"எங்கப்பாவும் ஹாஸ்டல் மெஸ்ல வேல பாத்தவங்கதான்" என்றார். கைக்குட்டையை எடுத்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பயப்படாதம்மா. தெரியாட்டா பரவால்ல. மேம் பாத்துக்கிடுதேன்."

பேனாவைத் திறந்தார். கதவிடுக்கில் கெமிஸ்ட்ரி சார் இரண்டு கட்டைவிரலையும் காட்டினார். இட்லியால் ஆகாததைக் குல்லா சாதித்துவிட்டது. முப்பது என்று எனக்குள் ஒரு மணி அடித்தது. எழுபத்தைந்து சதவீதம், கல்லூரி, ஹாஸ்டல், மகளை ரயில் ஏற்றிவிடுவது, எல்லாம் வரிசையாக ஓடின.

"மேம்" என்றாள் என் மகள். "இவர் கேன்டீன் இல்ல மேம்."

நான் மறுபடியும் இருமினேன்.

"கவர்மென்ட்ல செக்ஷன் ஆபீஸர். இன்னிக்கு வயித்து வலின்னு பொய் சொல்லி லீவ் போட்டிருக்கார். அப்புறம் மேம்... நான் லேபுக்கு இன்னிக்குத்தான் ஃபர்ஸ்ட் டைம் வர்றேன். இது ரெண்டாவது ஃப்ளோர்னே காலைலதான் தெரியும்."

மேடம் கைக்குட்டையை மடித்தார். மெதுவாக மடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப நீங்க சமையக்காரர் இல்ல."

"இல்ல மேடம்."

அவர் பார்வை தட்டில் கிடந்த இட்லிக்குப் போயிற்று.

"அதான பாத்தேன்" என்றார்.

மகளிடம் திரும்பி, "போயி இன்னொரு தடவ செய்யி. மெதுவா விடு. கடைசில ஒரு சொட்டு, ஒரு சொட்டா" என்றார். என்னிடம், "நீங்க அந்தத் தொப்பிய எடுத்துருங்க சார்" என்றார். அண்ணாச்சி சாராகிவிட்டேன். இதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டு நான் அவ்வளவு சின்னவனாக உணர்ந்ததில்லை. மூன்றாவது பட்டூரேயை அவர் சாப்பிட்டு முடித்தார். யார் மேலும் புகார் எழுதவில்லை.

திரும்பும் வழியில் ஆட்டோவில் மகள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் தாங்க முடியாமல் கேட்டேன்.

"ரெண்டு நிமிஷம் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்லம்மா?"

"ஒரு நாள் ஆபீஸ் போயிருக்கலாம்லப்பா?"

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள். "அவங்க அழுதாங்கப்பா. உங்களப் பாத்து. அந்தக் கேப்பப் பாத்து. அஜீப் லகா, என்னவோ மாதிரி ஆயிடுச்சு. என்னால பாக்க முடியல."

குரூப்பில் இரண்டு நாள் மயான அமைதி. பிறகு கெமிஸ்ட்ரி சார் மூலமாக, வகுப்பில் பெரும்பாலானோருக்கு இருபதை ஒட்டித்தான் மார்க் என்று கசிந்தது. யாரும் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. லேபைக் குறை சொல்லவில்லை. இரண்டு வருடம் இரண்டு இடத்தில் இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இட்லி ஹார்டாக இருந்ததாமே" என்று ஒருவர் போட்டார். அதற்கு முப்பது கட்டைவிரல். ஆன்ட்டிஜி மறுபடி அந்தக் கைகூப்பிய படத்தைப் போட்டார்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. மகள் மொபைலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வொரு பாடமாகக் கூட்டினேன். கெமிஸ்ட்ரி ப்ராக்டிகல் இருபத்திரண்டு. மொத்தம் முந்நூற்று எழுபத்து நாலு.

மறுபடி கூட்டினேன். ஆபீஸில் இருபது வருடமாகக் கூட்டுகிறேன், ஒரு தடவையாவது தப்பாக வருமே, அன்றைக்கு வரவில்லை. மனைவி வாங்கிக் கூட்டினாள். அவளுக்கும் அதே. ஒரே ஒரு மார்க்.

நல்ல ரேங்க் எடுத்து வைத்திருந்தாள். அந்த ரேங்குக்குத் தெற்கே ஒரு பெரிய கல்லூரி கிடைத்திருக்கும். அன்று மாலை அவள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. நான் வெளியே நின்று தமாஷாக ஏதாவது சொல்லலாம் என்று யோசித்தேன். என் தொழிலே அதுதான், வீட்டில் சம்பளமில்லாமல் பார்க்கும் வேலை. ஒன்றும் வரவில்லை. என் மனைவி வந்து என்னை விலக்கிவிட்டு உள்ளே போனாள். உள்ளே முதலில் அழுகைச் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து, "எலும்பு டாக்டர் என்னம்மா சொன்னார்?" என்று மகள் கேட்பதும், மனைவி ஏதோ சொல்வதும், இரண்டு பேரும் சிரிப்பதும் கேட்டது. என் இட்லி முதல்முறையாக யாருக்கோ உதவியது.

எதற்கும் இருக்கட்டும் என்று டெல்லிக் கல்லூரிகளுக்கான இன்னொரு நுழைவுத் தேர்வையும் அவள் எழுதியிருந்தாள். எல்லாரும் எழுதுவார்கள், அவளும் எழுதினாள். அதில் இடம் கிடைத்தது. சர்ட்டிபிகேட் சரிபார்க்கிற இடத்தில் நான் கூடவே நின்றேன். ப்ராக்டிகல் மார்க் பற்றி யாராவது கேட்பார்கள், ஏதாவது விளக்கம் சொல்லலாம் என்று தொண்டையெல்லாம் செருமி வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அங்கே அந்த மார்க்கை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாவுக்குக் குல்லா போட்டதெல்லாம் வீண்.

அவள் மார்க்குக்கு எட்டிய பாடம் கெமிஸ்ட்ரி ஆனர்ஸ். வாரத்தில் பாதி நாள் லேபில் நிற்க வேண்டும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. முதல் நாள் மத்தியானம் போன் செய்தாள். "அப்பா, லேப் கிரவுண்ட் ஃப்ளோர். போன ஒடனே கேட்டுட்டேன்" என்றாள். இப்போது அவள் ஜீன்ஸில் அங்கங்கே ஆசிட் ஓட்டை. ஃபேஷன் என்று நினைத்து எதிர்வீட்டுப் பெண் எங்கே வாங்கினாய் என்று கேட்டுவிட்டுப் போனாள். இன்னும் கைநழுவிப் போன அந்தத் தெற்குக் கல்லூரியின் பெயர் டி.வி.யில் வந்தால் அவள் சானலை மாற்றிவிடுகிறாள். நான் ரிமோட்டை அவள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிடுகிறேன்.

டிசம்பரில் அவளுக்கு முதல் செமஸ்டர் ப்ராக்டிகல் வந்தது. குளிர் ஆரம்பித்திருந்தது. காலையில் நான் சமையலறையில் தண்ணீர் குடிக்கத்தான் போனேன். உளுந்து டப்பா இருந்த இடத்தில் இல்லை. என் மனைவி எங்கோ எடுத்து ஒளித்து வைத்திருந்தாள். மகள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அப்பா, இன்னிக்கு ப்ராக்டிகல்."

"தெரியும்மா. நான் ஏதாவது..."

"நீங்க ஆபீஸ் போங்க."

போனேன். அன்றைக்கு ஆபீஸ் கேன்டீனில் இட்லி ஸ்பெஷலாம். பரிமாறுகிற ஆள் என் முகத்தைப் பார்த்ததும், கேட்காமலேயே தட்டில் இரண்டு எடுத்து வைத்தார். நான் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சோலே பட்டூரே கேட்டேன்.